இரு மருத்துவமனைகளுக்கு நடுவே

தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் இறங்குவோரில் ஒரு சாரார் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கும், மறு சாரார் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திற்கும் செல்கின்றனர். முன்னது 1928-இல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய காசநோய் இல்லத்தின் வளர்ச்சி. பின்னது 2005-இல் திறக்கப்பட்டது. மனம் சோர்ந்து நம்மிடம் வரும் பங்கு மக்களும் இவ்வாறே இரு சாராராய் நிற்கின்றனர். ஆங்கில மருந்து அடிமையாக்கிவிடும் என்பார் சிலர். பச்சிலையால் ஆவதென்ன என்பார் வேறு சிலர்.

மனச்சோர்வுக்கான மாத்திரையின் கதையே ஒரு காசநோய் மருத்துவமனையில்தான் தொடங்கிற்று. 1952-இல் நியூயார்க்கின் சீவியூ மருத்துவமனையில் இப்ரோனியசிட் உண்ட நோயாளிகள் வியக்கத்தக்க உற்சாகம் கொண்டனர். 1957 முதல் அது மனச்சோர்வுக்கும் வழங்கப்பட்டது. கல்லீரலைத் தாக்கியமையால் அமெரிக்காவில் கைவிடப்பட்டது. இன்றைய மாத்திரைகள் அதனினும் பாதுகாப்பானவை. அவை பயன்தரச் சில வாரங்கள் ஆகும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரும். இதனைப் பலர் அடிமைத்தனம் என்று தவறாகக் கொள்கின்றனர்.

மூலிகைகளுள் மிகுதியாக ஆராயப்பட்டது நம் நாட்டு வல்லாரையன்று. திருமுழுக்கு யோவான் பிறந்த விழாவாகிய ஜூன் 24-ஐ ஒட்டி ஐரோப்பாவில் மஞ்சளாய்ப் பூத்து, அவர் பெயரையே தாங்கிய பூண்டு அது. 29 ஆய்வுகளையும் 5,489 நோயாளரையும் ஒருசேரச் சீர்தூக்கிய 2008-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடு, அது வழக்கமான மருந்துகளுக்கு ஏறத்தாழ நிகர் என்றும், பக்கவிளைவு குறைவு என்றும் கண்டது. ஜெர்மன் மொழி நாடுகளின் ஆய்வுகளே அதனை மிகுதியாக உயர்த்திக் காட்டின என்பதையும் அம்மதிப்பீடு மறைக்கவில்லை.

எனினும் அப்பூண்டு பிற மருந்துகளைக் கல்லீரல் விரைந்து கரைக்கச் செய்யும். எச்.ஐ.வி. மருந்தாகிய இண்டினாவிரின் அளவை இரத்தத்தில் அது வெகுவாகக் குறைப்பதாக 2000-இல் அறியப்பட்டது. அரசின் இலவச எச்.ஐ.வி. கூட்டுமருந்து 2004-இல் தொடங்கிய இடங்களுள் ஒன்றான தாம்பரத்தில் இது சிறு செய்தியன்று. மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்து உண்டாலோ, நடுக்கமும் காய்ச்சலும் கண்டு உயிருக்கே கேடாகலாம்.

நம் அமுக்கரா, நீர்ப்பிரமி பற்றிய ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலத்தவை. அமுக்கராவால் கல்லீரல் பழுதுற்றோரும் அரிதாக உண்டு. வல்லாரைத் துவையலுக்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. உறையில் அடைத்த சாற்றின் நிலை வேறு.

லேசான சோர்வுக்கு எடுத்த எடுப்பிலேயே மாத்திரை தரவேண்டாம் என்று இங்கிலாந்தின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. பேச்சுவழிச் சிகிச்சையும் உடற்பயிற்சியும் முதலில் வருகின்றன. பங்குத்தந்தையரின் ஆலோசனையை அச்சிகிச்சைக்கு ஈடாக எண்ணிவிடலாகாது என்பது நம் கருத்து.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் காலையில் மாத்திரையும் இரவில் சூரணமும் உண்டு, ஒன்றை மற்ற மருத்துவரிடம் மறைத்து வந்தார். "ஏசுவாங்க, ஃபாதர்" என்றார். இரண்டின் பெயரையும் அளவையும் ஒரே தாளில் எழுதச் செய்தோம். அத்தாளை இருவரிடமும் காட்டினார், எவரும் ஏசவில்லை.