கூட்டாளியின் பெட்டி

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரக் கல்லூரிகளுக்குப் போதைத் தடுப்பு உரையாற்றப் போகும் போலீஸ்காரர்களில் நானும் ஒருவன். போதை விநியோகிப்பவன் என்றால் மாணவர்கள் மனத்தில் ஒரு சினிமா வில்லன் வந்து நிற்பான். அப்படி ஒருவனைப் பார்த்ததே இல்லை என்பதால், இந்தப் பேச்சு வேறு யாருக்கோ என்று கைப்பேசியைத் தடவ ஆரம்பிப்பார்கள்.

மாணவர்களிடம் சரக்கு வில்லன் கையால் வருவதில்லை. கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வரை கூடவே வருகிற கூட்டாளி, வாடகை வீட்டில் பக்கத்துக் கட்டிலில் படுப்பவன், இவர்கள் கையால்தான் வருகிறது. முதலில் இலவசம். அப்புறம், "நாலு பேருக்கு வாங்கிக் கொடு, உன் பங்குக்குக் காசு வேண்டாம்." அங்கேயே அந்த மாணவனும் விநியோகிப்பவன் ஆகிவிடுகிறான். அது அவனுக்கே உறைப்பதில்லை.

அதனால் நான் பயங்கரப் படங்கள் காட்டுவதில்லை. மேசையில் மூன்று காலிப் பொருள்களை வைப்பேன்: ஒரு வேப், ஒரு காப்பித்தூள் பாக்கெட், கூரியர் சீட்டு ஒட்டிய ஓர் அட்டைப்பெட்டி. செயற்கைப் போதை கலந்த வேப் திரவமும், 'ஹேப்பி வாட்டர்' என்று பானத்தூள் பாக்கெட்டில் வரும் போதையும் மலேசியாவில் பிடிபட்டவைதான். "கூட்டாளி இந்தப் பெட்டியை ஒரு ராத்திரி உன் ரூமில் வைக்கச் சொன்னால் வைப்பியா, தம்பி?" என்று கேட்பேன். கைகள் தயங்காமல் உயரும்.

பிறகுதான் 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்துக்கு வருவேன். அதன்படி கொடுப்பது, பெறுவது, வைத்திருப்பது, ஒளிப்பது, கொண்டுபோவது எல்லாமே கடத்தலில் சேரும். காசு கைமாற வேண்டியதில்லை. 200 கிராம் கஞ்சாவோ, 50 கிராம் சாபுவோ (மெத்தம்பெட்டமின்), 15 கிராம் ஹெரோயினோ கையிலிருந்தால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். பெட்டிக்குள் இருந்தது தெரியாது என்றால், அதை நிலைநாட்டுவது உன் பாடு. 2023 ஜூலையிலிருந்து மரண தண்டனை கட்டாயமில்லை. ஆனால் நீக்கப்பட்டுவிடவும் இல்லை. தூக்கு தப்பினாலும் ஆயுள் சிறை, ஆண்களுக்குக் குறைந்தது 12 பிரம்படி.

இதைச் சொல்லும்போது குரல் உயரக் கூடாது. அதட்டினால், வீட்டில் வாங்கும் திட்டோடு சேர்த்துக் காதைப் பொத்திக்கொள்வார்கள். நிதானமாகச் சொன்னால், பேச்சு முடிந்ததும் யாராவது கார் வரைக்கும் கூடவே வருவார்கள். "என் ஃபிரெண்ட் ஒருத்தன் சார்..." என்றுதான் தொடங்கும். யார் அந்த ஃபிரெண்ட் என்று கேட்கவே கூடாது. பழக்கத்தில் விழுந்தவன் தானாகவே போய் ஏ.ஏ.டி.கே. என்ற தேசியப் போதைத் தடுப்பு நிறுவனத்தில் சிகிச்சை கேட்க 1983ஆம் ஆண்டின் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம் வழிவிடுகிறது என்பேன். துப்புக் கொடுப்பவரின் பெயருக்கு 1952 சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு என்பதையும் சொல்வேன். அதைக் கேட்ட பிறகுதான் பலருக்கு வாய் திறக்கும்.

"போதை வேண்டாம்" என்று சொல்லச் சின்ன வயதிலேயே கற்றுக்கொடுத்துவிட்டோம். "உன் பெட்டியை என் ரூமில் வைக்காதே, மச்சான்" என்று முகத்துக்கு நேரே சொல்ல யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நிற்கவைத்து, அதை வாய்விட்டுச் சொல்ல வைத்த பிறகே உரையை முடிக்கிறேன். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். சிரிக்கட்டும், ஒரு தடவை வாயில் வந்த சொல், வேண்டிய நேரத்தில் மறுபடி வருவது சுலபம்.