எந்த இரவு?

நாம் ஓர் இரயில் நிலையத்தின் முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்து பிரயாணச் சீட்டு வழங்கும் எழுத்தர். மராத்தியும் இந்தியும் கலந்து வழங்கும் பகுதியில் உள்ளது அந்நிலையம். அதன் பெயர் இங்கு வேண்டா. தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானமையால், பத்தாம் வகுப்புத் தேறி நின்ற நமக்கு இவ்வேலை வந்து சேர்ந்தது. சாளரத்துக்கு இப்பால் அமர்ந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அப்பால் நிற்பவர் நாம் கொடுக்கும் சீட்டை எவ்வாறு படித்துக்கொள்கிறார் என்பதை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தவர் நம் சங்க அன்பர் ஒருவரின் தாயார்.

அவ்வம்மையாருக்கு இருதயத்தில் கோளாறு. வேலூரில் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். காட்பாடி வழியே செல்லும் வண்டி நம் நிலையத்திலிருந்து 0 மணி 20 நிமிடத்துக்குப் புறப்படுவது. 14ஆம் தேதிக்கு இரண்டு படுக்கைகள் பதிவு செய்து, சீட்டை நம் கையாலேயே கொடுத்தோம்.

14ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கு அன்பர் ஆள் அனுப்பினார். காலனியிலிருந்து ஓடினோம். நடைமேடையில் மூட்டை முடிச்சுகளுடனும் புளிசோற்றுப் பொட்டலத்துடனும் தாயும் மகனும் அமர்ந்திருந்தனர். அவர்களுடைய வண்டி, 14ஆம் தேதி பிறந்து இருபது நிமிடத்தில், அதாவது முந்திய இரவே, போய்விட்டிருந்தது.

“சீட்டிலே 14ன்னுதானே தம்பி போட்டிருக்கு? இன்னைக்கு 14தானே?” என்றார் அம்மையார். கோபமாகக் கேட்கவில்லை. தமக்குத்தான் ஏதோ புரியவில்லை என்பதுபோல் கேட்டார். அதுதான் நம்மைச் சுட்டது.

விதிப்படி எங்கும் பிழையில்லை. நள்ளிரவில் தேதி மாறுகிறது; சீட்டில் மாறிய தேதி இருந்தது. வண்டி சென்றபின் உறுதியான சீட்டுக்குப் பணம் திரும்புவதும் இல்லை. சிகிச்சைக்கு வேறு நாள் கிடைக்க ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் அவர் தம் வீட்டு மாடிப்படியில் ஏறிப் பாதியில் நின்று மூச்சு வாங்குவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டே வேலைக்குச் சென்றோம்.

இத்தகைய தவறு புதிதன்று. ஸ்காத்துலாந்தில் பிறந்து கானடாவில் இரயில் பாதைகள் அமைத்த சாண்ட்ஃபோர்டு ஃபிளெமிங் என்னும் பொறியாளர், 1876இல் அயர்லாந்தில், காலை என்பதற்கு மாலை என்று அச்சாகிவிட்ட கால அட்டவணையை நம்பி வண்டியைத் தவறவிட்டார். அதன்பின் ஒரு நாளை 24 மணியாக எண்ணும் முறைக்காக அவர் வாதாடினார். நம் நாட்டிலும் ஒரு காலத்தில் இரயில்கள் மதராஸ் நேரப்படி ஓடின; 1906இல்தான் இந்திய நேரம் என ஒன்று ஏற்பட்டது. ஆக, கடிகாரத்துக்கு ஒழுங்கு வந்துவிட்டது. மனிதருக்கு மட்டும் தூங்கி எழுந்தால்தான் மறுநாள். ஃபிளெமிங் தம் நோய்க்குக் கண்ட மருந்தில் நம் அம்மையாரின் நோய் தீரவில்லை.

நாம் ஒரு விண்ணப்பம் எழுதினோம். முன்பதிவுக் கூடத்தில் பெரிய அறிவிப்புப் பலகை ஒன்று வேண்டும் என்று. வாசகத்தையும் நாமே தயாரித்தோம். பன்னிரண்டு வரி, இலக்கணச் சுத்தமான இந்தி. அதில் நமக்குச் சிறிது பெருமையும் இருந்தது. மேலதிகாரி நல்லவர், தாளில் அச்சிட்டு ஒட்டிப் பார்க்கச் சொன்னார். ஒருவரும் படிக்கவில்லை. அதன் கீழேயே நின்றுகொண்டு, “இந்த வண்டி எந்த ராத்திரி?” என்று நம்மையே கேட்டார்கள்.

பெங்களூரில் கணிப்பொறித் திரைகளை வடிவமைக்கும் வேலையில் இருக்கும் நம் மைத்துனரிடம் தொலைபேசியில் இதைப் புலம்பினோம். அவர்கள் தொழிலில் இதற்கு ‘யூசர் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று பெயராம். “மாமா, பலகை நன்றாக இருக்கிறதா என்று யாரையும் கேட்காதீர்கள். சீட்டைக் கையில் கொடுத்து, வீட்டிலிருந்து எப்போது கிளம்புவீர்கள் என்று கேளுங்கள். அப்புறம், இந்த வேலையால் யார் யாருக்குத் தொல்லை என்று பார்த்து அவர்களையெல்லாம் முதலிலேயே கூட்டி உட்கார வையுங்கள்” என்றார். பின்னவர்களுக்கு ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்று பெயர். நாம் ‘சம்பந்தப்பட்டோர்’ என்று வைத்துக்கொண்டோம்.

முதல் யோசனைப்படி, சீட்டு வாங்கியவர்களை ஓய்வு வேளையில் அணுகிக் கேட்டோம். அவர்கள் தேதியைச் சொல்லவில்லை. “செவ்வாய் ராத்திரி சாப்பிட்டுவிட்டு” என்றார்கள். எந்தக் கிழமையின் சாப்பாடு என்பதில்தான் பலர் தவறினார்கள். ஆகவே சீட்டின் முகப்பில் “திங்கள் இரவு நிலையத்துக்கு வருக” என்று முத்திரை குத்திவிட்டால் போதும் எனத் துணிந்தோம்.

இரண்டாம் யோசனை எளிதாக இல்லை. சம்பந்தப்பட்டோர் மேசையைச் சுற்றி அமர்ந்ததும் நம் முத்திரை பொடிப்பொடியாயிற்று. பணமதிப்புள்ள சீட்டின் முகப்பில் எதையும் குத்தலாகாது என்றார் கணக்குப் பிரிவினர். வண்டியின் நேரத்தை மாற்றினால் முத்திரை பொய்யாகுமே என்றார் இயக்கப் பிரிவினர். நம் சக எழுத்தர்களோ, குளிர்சாதன வகுப்புக்குப் பத்து மணிக்கும் மற்றதற்குப் பதினொரு மணிக்கும் தட்கல் திறக்கும்போது ஒவ்வொரு நொடியும் வரிசையில் நிற்பவருடைய படுக்கை என்றார்கள். இவர்கள் முட்டுக்கட்டை போடுகிறார்கள் என்று அன்றிரவு வீட்டில் கடிந்துகொண்டோம். மறுநாள் ஆற அமர எண்ணியபோது மூவர் சொன்னதும் சரியாகவே பட்டது. தட்கல் நொடியை நாமே பலமுறை காத்திருக்கிறோம் அல்லவா?

பயணிகளின் சார்பில் ஆலோசனைக் குழு உறுப்பினர் ஒருவர் வந்திருந்தார். மரியாதைக்குரிய வணிகர். அவர் மின் பலகை வேண்டும் என்றார். அவர் தம் சீட்டைக் கைப்பேசியிலேயே பதிவு செய்பவர். நம் சாளரத்துக்கு வந்ததே கிடையாது. இன்று பெரும்பாலோர் அவ்வாறே செய்கின்றனர் என்பது மெய்தான். எஞ்சிச் சாளரத்தில் நிற்பவர்கள் முதியோர், கைப்பேசி பழகாதோர், கூலி வேலைக்குச் செல்வோர். அவர்களுக்காகப் பேச அந்த மேசையில் ஒருவரும் இல்லை.

யாரும் அழையாத ஒருவர்தாம் வழி காட்டினார். தேநீர் கொண்டுவந்த பையனுடன் எட்டிப் பார்த்த சுமைகூலித் தோழர், “தப்பான ராத்திரி வருகிறவர்களை நாங்கள்தானே திருப்பி அனுப்புகிறோம்? இங்கே அப்படி மூன்று வண்டிகள்தாம்” என்றார். மூன்றே மூன்று! எல்லாச் சீட்டுக்கும் நாம் முத்திரை தேடிக்கொண்டிருந்தோம்.

அம்மூன்று வண்டிகளுக்கு மட்டும் தனியே ஒரு மஞ்சள் துண்டுத்தாள் என்று முடிவாயிற்று. சீட்டைத் தொடாததால் கணக்குப் பிரிவுக்குச் சம்மதம். புறப்படும் நேரத்தை எழுதாமல் கிழமையையும் ‘இரவு’ என்பதையும் மட்டும் எழுதுவதால் இயக்கப் பிரிவுக்கும் சம்மதம். கிழமைகள் ஏழையும் அச்சிட்டு, உரியதைச் சுழித்துவிட்டால் நொடியில் முடிகிறது; அது சக எழுத்தர் ஒருவரின் யோசனை. மூலையில் நாம் ஒரு நிலாப் படம் வரைந்திருந்தோம். “அமாவாசையன்று வண்டி கிடையாதா?” என்றார் சுமைகூலித் தோழர். நிலாவை எடுத்துவிட்டோம்.

இந்தி, மராத்தி, ஆங்கிலம் மூன்றும் தாளில் உள்ளன. தமிழைச் சேர்க்க இடமில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. அம்மையாருக்கு இம்மூன்றும் தெரியா.

வேலூர் சென்று குணமாகித் திரும்பிய அவர், மறு பரிசோதனைக்குச் சீட்டு வாங்க மகனுடன் சென்ற மாதம் சாளரத்துக்கு வந்தார். மஞ்சள் தாளில் ஞாயிறைச் சுழித்து, அருகே பேனாவால் தமிழில் “ஞாயிறு ராத்திரி” என்று எழிதித் தந்தோம். இருமுறை வாசித்தார். பிறகு, “அப்போ சனிக்கிழமையே மாவு அரைச்சிடணும்” என்று மகனிடம் சொல்லிவிட்டு, தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

முதற்கட்டு அச்சடித்த தாள்கள் தீரும் நிலையில் உள்ளன. மறு அச்சுக்கான கோப்பு மேலே சென்றிருக்கிறது. அது வரும்வரை பழைய படிவங்களின் பின்புறத்தைக் கிழித்துக் கையாலேயே எழுதிக் கொடுத்து வருகிறோம்.