கிருஷ்ணப்பிள்ளை கொடுத்த விலை

எச். ஏ. கிருஷ்ணப்பிள்ளையைக் 'கிறிஸ்தவக் கம்பன்' என்று சொல்லி நாம் வழியனுப்பி வைத்துவிட்டோம். ஒருவரைப் படிக்காமலிருக்கப் பட்டம் கொடுப்பது நல்ல உபாயம். 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிக'த்தை நம் வட்டத்தில் யார் யார் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்தப் போவதில்லை.

அது ஜான் பன்யனின் 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' தமிழில் காவியமானது. பன்யன் பாத்திரம் ஈயம் பூசுகிறவர். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660லிருந்து 12 வருஷம் பெட்ஃபோர்டு சிறையில் இருந்தார். அவருடைய வசனத்தில் அலங்காரம் கிடையாது. அதைக் கம்பனுடைய விருத்தத்தில் ஏற்றியதில் பலதும் மூச்சடைத்துப் போயிற்று என்று குறை சொல்கிறவர்களோடு எனக்குப் பாதி சம்மதம். வர்ணனைப் படலங்கள் வெறும் சடங்கு. ஆனால் எஞ்சிய பாதி இவர்கள் கண்ணில் படவில்லை. கிருஷ்ணப்பிள்ளை திருநெல்வேலிச் சீமையில் வைஷ்ணவ வேளாள வீட்டுப் பிள்ளை. 1853லேயே சாயர்புரத்தில் மிஷன் பள்ளியின் தமிழாசிரியர். ஞானஸ்நானம் பெற்றது 1858இல். அதாவது சம்பளம் முதலில் வந்தது, விசுவாசம் பிறகு வந்தது. சோற்றுக்கு மதம் மாறினான் என்கிற நம்மூர் வசை இவரிடம் செல்லாது. அவர் இழந்தது வீட்டை, பந்தியை, உறவின் முகங்களை. கொடுக்க மறுத்தது ஒன்றே ஒன்று: கம்பனை. முழு அர்ப்பணம் என்பவர்கள் இதை ஒரு குறையாகச் சொல்லலாம். எனக்கு இந்த மறுப்பில்தான் அந்த மனிதர் தெரிகிறார். தன் நாக்கையே அறுத்துக் கொடுத்தவன் எதைக்கொண்டு துதிப்பான்?

இந்த யோசனையெல்லாம் எனக்கு வந்தது இலக்கியத்தின் வழியாக அல்ல. ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டும் நண்பர் ஒருவர், என் கவுன்ட்டருக்கு வந்து பழக்கமானவர், மூன்று வருஷமாக ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார். தேன்கனிக்கோட்டை ரோட்டில் தகரக் கூரைக்குக் கீழே தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பாடுகிற ஒரு சபைக்கு, நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல் போகிறவர். விசுவாசத்தில் அவருக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் ஒரு காகிதத்தைப் பற்றியது.

1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறியவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். சாதி மட்டும் அவரோடு கூடவே போகிறது. பல ஊர்களில் கல்லறைத் தோட்டம் வரைக்கும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரியில் மேல்நிலை எழுத்தர் வேலைக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட, ஞானஸ்நானம் பெற்ற பெண் ஒருவரின் மனுவைத் தள்ளியது. கிளார்க் வேலை. நான் பார்ப்பதும் அதுதான். நண்பரின் மகள் பரீட்சைக்குப் படிப்பதும் அதற்குத்தான். அவர் தண்ணீரில் இறங்கினால் அவர் சான்றிதழ் போகும், மகளுடையது கேள்விக்குள்ளாகும்.

நான் பிறப்பால் கிறிஸ்தவன். விலையை யாரோ ஒரு பாட்டனார் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு எதுவும் செலவில்லை. எனவே அவருக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அவருடைய போதகருக்கு அந்தக் கூச்சம் இல்லை. சிலுவையைச் சுமக்கச் சொல்கிறார். சுமக்கப் போவது மகளின் தோள் என்பதை அவர் பிரசங்கம் கவனிப்பதில்லை.

ஒரு நாள் நண்பரிடம் பன்யன் கதையைச் சொன்னேன். பெண்டாட்டி பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிட, காதில் விரலை வைத்துக்கொண்டு ஓடுகிறான் அந்த யாத்திரிகன். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமலிருந்தார்.

"அந்தப் பிள்ளைங்க என்ன ஆச்சு சார்?"

1684இல் பன்யன் இரண்டாம் பாகம் எழுதினார், அதில் மனைவியும் பிள்ளைகளும் தாங்களாகவே அதே வழியில் புறப்படுகிறார்கள் என்றேன்.

"அவங்களாவேவா?"

"ஆமாம்."

அந்தப் பாகத்தைத்தான் தமிழில் கேட்டிருக்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன்.