நினைவு தீட்டிய ஊர்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஐரிடெல் என்னும் சிற்றூரில் 1875இல் பிறந்தவர் கிளாரா மெக்டொனால்டு வில்லியம்சன். இல்லறக் கடமைகளிலேயே அவர்தம் ஆண்டுகள் கழிந்தன. 1943இல் கணவர் மறைந்த பின்னரே, அறுபதைக் கடந்த அகவையில், தூரிகை ஏந்தினார். சிறுமியாய்க் கண்ட ஊரை, டல்லஸ் நகரில் இருந்தவாறே நினைவிலிருந்து தீட்டினார். வெம்மை மிக்க அந்நிலத்தில் ஆறு உறைதல் அரிது. அங்ஙனம் பாஸ்கி ஆறு உறைந்த நாளையும் 1953இல் ஓவியமாக்கினார்.

அதனை நூலொன்றில் கண்டு நெடுநேரம் வாளாவிருந்தோம். எம் உம்மாவும் தாம் பிறந்த ஊரைப் பற்றி ஓயாது சொல்வார்கள். விடைத்தாள் திருத்த வேண்டுமென்று நாம் எழுந்து செல்வோம். இன்று கேட்க விழைகின்றோம். சொல்ல அவர்கள் இல்லை.

மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்து முதியோர் அருகில் இன்றே அமருங்கள்.