டொக் டொக் வண்டியும் டாலர் சிட்டியும்

திருப்பூரைப் பார்க்கணும்னா கண்ணை மூடிக்கிட்டு காதைத் திறந்து வெச்சா போதும். காலையில எட்டரை மணி. சந்துக்குள்ள பவர்டேபிள் 'கர்ர்ர்'னு கிளம்புது. மாடி மேல நிட்டிங் மெஷின் 'ம்ம்ம்'னு ஒரே சுதியில சுத்துது. அனுப்பர்பாளையம் பக்கம் போனா, பாத்திரப் பட்டறையில தகடு தட்டற சத்தம் 'டங் டங்'. இத்தனைக்கும் நடுவுல ஒரு பைக் 'டொக் டொக்'னு போச்சுன்னா டீக்கடையில நிக்கறவங்க அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கறாங்க. சத்தத்துலயே பொழைக்கற ஊர் பாஸ்! எந்தச் சத்தம் சரி, எந்தச் சத்தம் தப்புன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு விஷயம், வெளியூர் நண்பர்களுக்காக. ஒரு டி-ஷர்ட் இங்க பெரும்பாலும் ஒரே கட்டடத்துல பிறக்கறதில்லை. நூல் ஒரு தெருவுல துணியாகும். சாயம் வேற இடம். காம்பேக்டிங் வேற ரோடு. கட்டிங் ஒரு கம்பெனி, தையல் இன்னொரு சந்து. அப்புறம் செக்கிங், அயர்னிங், பேக்கிங். எல்லாத்தையும் ஒரே கூரைக்குள்ள வெச்சிருக்கற பெரிய கம்பெனிகள் உண்டுதான். மத்தபடி ஊரே ஒரு ஃபேக்டரி, ரோடுதான் அதோட கன்வேயர் பெல்ட்! அந்த பெல்ட்டுல மூட்டையைச் சுமந்துக்கிட்டு ஓடறது மொபெட்டும் பைக்கும்தான். 1980-ல ஓசூர்ல இருந்து வந்த டி.வி.எஸ். 50-யும், அதுக்குப் பின்னாடி வந்த எக்ஸ்.எல். வண்டிகளும் சுமக்காத பனியன் மூட்டையா? அதனால இங்க ஒரு இன்ஜின் நின்னா, ஒருத்தரோட ஷிப்டும் சேர்ந்து நிக்கும்.

வண்டி ஒண்ணு, கட்சி ரெண்டு

அப்படி ஒரு வண்டியோட பின் சீட்டுலதான் ஒரு ஞாயித்துக்கிழமை நான் திருப்பூரைச் சுத்தினேன். ஓனர், பி.காம். மூணாவது வருஷம் படிக்கற ஒரு தம்பி. இல்ல, ஓனர் அவங்கப்பா. கட்டிங் மாஸ்டர். அம்மா செக்கிங். வீடு அவிநாசி பக்கம். தினமும் காலையில அப்பாவும் பையனும் ஒரே வண்டி. அப்பா அனுப்பர்பாளையத்துல கம்பெனி வாசல்ல இறங்கிக்குவார், பையன் அப்படியே காலேஜ் ரோட்டுக்கு. ராத்திரி ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சதும் அதே வண்டி, அதே ரூட், ரிவர்ஸ்ல.

வண்டி 100 சிசி, 2009 மாடல், டி.என். 39 நம்பர். 15 வருஷம் முடிஞ்சு, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டி, பசுமை வரி கட்டி, இன்னும் 5 வருஷத்துக்கு ஆர்.சி.யைப் புதுப்பிச்சாச்சு. எல்லாம் ஓகே... சத்தத்தைத் தவிர!

காலேஜ்ல ரெண்டு கட்சி. "வித்துத் தள்ளுடா மாப்ள! 2025 செப்டம்பர்ல ஜி.எஸ்.டி.யை 28-ல இருந்து 18 சதவீதமாக் குறைச்சுட்டாங்க. டியூ போட்டு புதுசு எடு" என்கிறது ஒரு கட்சி. "பழைய இன்ஜின் ஒண்ணு வாங்கி மாட்டு மச்சி, ஒரே நாள் வேலை" என்கிறது இன்னொண்ணு. தங்கச்சிக்கு ஜூன் மாசம் காலேஜ் ஃபீஸ் கட்டணுமேன்னு வீட்டுல ஓடற கணக்கு ரெண்டு கட்சிக்குமே தெரியாது.

காது வைத்தியம்

பட்டறை அனுப்பர்பாளையத்துல ஒரு சந்துக்குள்ள. மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "ஏனுங் தம்பி, சத்தம் எப்ப வருது? காலையில ஸ்டார்ட் பண்ணறப்பவா, சூடானப்புறமா? ஆக்சிலேட்டர் கொடுத்தாவா, விட்டாவா?"ன்னு டாக்டர் மாதிரி கேள்வி. அப்புறம் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முனையை இன்ஜின்ல வெச்சு, பிடியைக் காதுல வெச்சார். ஸ்டெதஸ்கோப்பேதான்!

அவர் சொன்ன பாடத்தை நோட்ஸ் எடுத்துக்கிட்டேன். உங்களுக்கும் உதவும்.

மேல ஹெட்டுல இருந்து சீரா 'டிக் டிக்'னு வந்தா டேப்பெட். டைட் பண்ணினா சரியாயிடும், சின்னச் செலவுதான். பக்கவாட்டுல 'சரசர'ன்னு சங்கிலி உரசற மாதிரி வந்தா டைமிங் செயின், இல்லைன்னா அதோட டென்ஷனர். குளிர்ல 'டக் டக்'னு அடிச்சு, சூடானதும் அடங்கினா பிஸ்டன் போர்ல ஆடுது. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க அடியில இருந்து கனமா 'டொக் டொக்'னு வந்தா கனெக்டிங் ராடு பேரிங். அதோட ஓட்டவே கூடாது, அங்கேயே நிறுத்தணும். ஸ்பீடு ஏற ஏற 'உய்ய்ங்'னு ஊளையிட்டா கிராங்க் பேரிங், இல்லைன்னா கியர் பாக்ஸ். இது எதுவுமே இல்லாம காஞ்சுபோன செயினும் லூசான இன்ஜின் போல்ட்டும்கூட இதே மாதிரி டிராமா போடும்!

ஆனா அந்த அண்ணன் முதல்ல திறந்தது இன்ஜினை இல்லை, ஆயில் டிப் ஸ்டிக்கை. முனையில மட்டும் ஒரு துளி, கறுப்பா. "சத்தம் நோயில்லீங் தம்பி. ஆயில் இல்லாததுதான் நோய். அது எங்க போச்சுன்னு முதல்ல பாப்போம்" என்றார். இது நடந்தது ரெண்டு வாரம் முன்னாடி. அன்னிக்கு டேப்பெட்டை மட்டும் சரி பண்ணி, புது ஆயில் ஊத்தி, கிலோமீட்டரைக் குறிச்சுக்கிட்டு, "500 கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டார்.

நான் போன ஞாயித்துக்கிழமைதான் ரிசல்ட். ஒரு லிட்டர்கூடப் பிடிக்காத இன்ஜின்ல சுமார் 200 மில்லி காணோம். வெளியில ஒழுகின தடமும் இல்லை. ஒரு வெள்ளை பனியன் வேஸ்ட்டை எடுத்து சைலன்சர் வாயில பிடிச்சார். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கிச்சு. ஊதாப் புகை வேற. ரிங் தேய்ஞ்சு ஆயில் எரியுது, ஆயில் குறைஞ்சதால செயினும் கத்துது. கேஸ் க்ளியர்! (பட்டறைகள்ல கை துடைக்கற அந்த பனியன் வேஸ்ட், கட்டிங்ல மிஞ்சற துண்டுத் துணி. நம்ம டி-ஷர்ட்டோட ஒண்ணுவிட்ட தம்பி!)

1,800 ஊசியும் ஒரு சிலிண்டரும்

ஹெட்டைக் கழட்ட நேரமாகும். அதுவரைக்கும் தம்பி என்னைத் தன்னோட மாமா வேலை பார்க்கற நிட்டிங் யூனிட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். வட்டமா சுத்தற மெஷின். அந்த வட்டத்துக்குப் பேரும் சிலிண்டர்தான். ஊசியை ஏத்தி இறக்கற பாகத்துக்குப் பேரும் கேம்தான். பைக் இன்ஜினோட சொந்தக்காரன் போல!

24 இஞ்ச் விட்டம், 24 கேஜ் மெஷின்னா ஒரு இஞ்சுக்கு 24 ஊசி. சுற்றளவைப் பெருக்கிப் பாருங்க, 1,800 ஊசி வந்துடும். அதுல ஒண்ணே ஒண்ணு உடைஞ்சா துணி முழுக்க மேலேயிருந்து கீழே ஒரு கோடு விழும். துணியே வேஸ்ட். "அதுக்காக மெஷினை மாத்துவமா? எந்த ஊசின்னு கண்டுபிடிச்சு அதை மட்டும் மாத்துவோம். சிலிண்டரே தேய்ஞ்சு போச்சுன்னாத்தான் மாப்ள உக்காந்து யோசிக்கணும்" என்றார் மாமா. வெளிநாட்டுல ஒரு ரவுண்டு ஓடி முடிச்சு, செகண்ட் ஹேண்டா இங்க வந்து இறங்கின மெஷின்கள் நிறைய. 'பழசு'ங்கறது இந்த ஊர்ல கெட்ட வார்த்தை இல்லை. 'எந்த பாகம் போச்சுன்னு தெரியலை'ங்கறதுதான் கெட்ட வார்த்தை.

திறந்து பார்த்தா...

திரும்பி வந்தப்போ ஹெட்டும் பிளாக்கும் கழண்டு பெஞ்சு மேல இருந்தது. போர் உள்ளே மேலேயிருந்து கீழே கோடு கோடா கீறல். தம்பி முகம் வாடிடுச்சு. அண்ணன் கனெக்டிங் ராடைப் பிடிச்சு மேலேயும் கீழேயும் இழுத்துப் பார்த்தார். அசையலை. பக்கவாட்டுல மட்டும் லேசா ஆடிச்சு. "பக்கத்துல கொஞ்சம் ஆடலாம். மேல கீழ ஆடக்கூடாது. அடி இன்ஜின் கல்லாட்டம் இருக்குதுங்" என்றார். மொத்த விஷயமும் அந்த ஒரு இழுப்புலதான் முடிவாச்சு!

அப்பாவுக்கு போன் போட்டு கணக்கைச் சொன்னாங்க. லேத்துல போர் அடிச்சு 0.25 மில்லி ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், டைமிங் செயின் செட், வால்வு சீல், கேஸ்கட், ஆயில், கூலி... எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய். ஆர்.சி. உயிரோட இருக்கற காலத்துல 30 மாசம் ஓடினாக்கூட மாசம் 300 ரூபாய் ஆச்சு. புது வண்டின்னா ஆன்-ரோடு ஒரு லட்சத்தை ஒட்டி வரும். முன்பணம் போக டியூ மட்டும் மாசம் 3,000 சுமார். 'புதுசு மைலேஜ் கொடுக்குமே'ன்னு கேட்பீங்க. மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டறவருக்கு, லிட்டருக்கு 55-க்குப் பதிலா 60 கிடைச்சா மிச்சமாகறது ஒன்றரை லிட்டர் பெட்ரோல். சுமார் 150 ரூபாய். பி.காம். படிக்கற பையன் கால்குலேட்டரைத் தட்டிட்டு ஒண்ணும் பேசலை. அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "பண்ணச் சொல்லு கண்ணு."

இன்ஜினையே மாத்தினா என்னவாம்?

சென்னைப் புதுப்பேட்டை மாதிரி இடங்கள்ல பழைய இன்ஜின் கிடைக்கும். பிரச்னை நட்டு போல்ட்டுல இல்லை, நம்பர்ல! உங்க ஆர்.சி.யில இன்ஜின் நம்பர் அச்சாகி இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இந்த மாதிரி மாற்றங்களைப் பத்தித்தான் பேசுது. இன்ஜின் மாறினா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லி ஆர்.சி.யில நம்பரைத் திருத்தணும். பில் இல்லாத இன்ஜின் எந்தத் திருட்டு வண்டியில இருந்து வந்ததோ யார் கண்டா? நம்பர் ஒத்துப் போகலைன்னா விக்கறப்பவும் இடிக்கும், இன்ஷூரன்ஸ் கேட்கறப்பவும் இடிக்கும். அதைவிட முக்கியம், நம்ம இன்ஜின்ல என்ன கோளாறுன்னு நமக்குத் தெரியும். அந்த இன்ஜின்ல என்னன்னு யாருக்குத் தெரியும்?

எப்போ டாட்டா காட்டலாம்?

ரிப்பேர்தான் எப்பவும் சரின்னு சொல்ல வரலை. அதே பட்டறை மூலையில இன்னொரு வண்டி நின்னுச்சு. அடி கேஸ்ல விரிசல், கிராங்க் பேரிங் காலி, சேஸ் துருப்பிடிச்சு பொடிப்பொடியா உதிருது, ஆர்.சி. முடிய நாலே மாசம். அதோட ஓனர்கிட்ட அண்ணனே சொல்லிட்டார், "இதுக்கு மேல காசு போடாதீங்" என்று. அடி இன்ஜின், சேஸ், ஆர்.சி. இந்த மூணுல ரெண்டு போயிருந்தா விட்டுடலாம்ங்கறது அவரோட கணக்கு. ஸ்பேர் கிடைக்காத மாடலும் அப்படித்தான். ஒரே ஒரு கண்டிஷன். கழட்டறதுக்கு முன்னாடி எஸ்டிமேட் கேளுங்க, கழட்டினப்புறம் தேய்ஞ்ச பாகத்தை நேர்ல பாருங்க, மாத்தின பழசைக் கையில வாங்கிக்கங்க.

அந்தக் கறுப்பு ஆயில்

கிளம்பறப்போ ஒரு விஷயம் கவனிச்சேன். வடிச்ச கறுப்பு ஆயிலை அண்ணன் சாக்கடையில ஊத்தலை. ஒரு கேன்ல சேர்த்து வெச்சு, பழைய ஆயில் எடுக்கறவருக்குக் கொடுப்பாராம். சாக்கடை போய்ச் சேர்ற இடம் நொய்யல்னு அவருக்குத் தெரியும். வளர்மதி பாலத்து மேல நின்னு கீழே பார்த்தா உங்களுக்கும் தெரியும். சாயக் கழிவு நொய்யல்ல ஓடி, 1992-ல கட்டின ஒரத்துப்பாளையம் அணையில தேங்கி, கீழே இருந்த வெள்ளாமையெல்லாம் வீணாப் போச்சு. கடைசியில 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்போ ஊரே ஸ்தம்பிச்சுப் போச்சு. கழிவைச் சுத்திகரிச்சு ஒரு சொட்டுகூட வெளியே விடாத முறை வேணும்னு பாடம் படிக்க அவ்வளவு பெரிய விலை. 'டொக் டொக்' கேட்டப்பவே டிப் ஸ்டிக்கைப் பார்க்காம ஓட்டின கதைதான் அதுவும்! பைக்குக்காவது புதுப்பேட்டை இருக்கு. ஆத்துக்கு ஸ்பேர் எங்க போய் வாங்கறது?

வண்டி மறுவாரம் ரெடியாயிடுச்சு. முதல் 500 கிலோமீட்டர் முறுக்கக் கூடாது, அப்புறம் ஆயில் மாத்தணும், வாரம் ஒரு தடவை டிப் ஸ்டிக் பார்க்கணும்னு கண்டிஷன். தங்கச்சி ஃபீஸுக்கு எடுத்து வெச்ச பணத்துல கை வைக்கலை. அப்பாவோட ஷிப்ட் ஒருநாள் மட்டும் கட்.

உங்க வண்டியும் கத்துதா நண்பர்களே? ஷோரூம் வாசலை மிதிக்கறதுக்கு முன்னாடி, சமதரையில சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஆயிலைப் பாருங்க. அப்புறம் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு ரெண்டு நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்க. மேலயா, பக்கத்துலயா, அடியிலயா? அதைச் சொல்லத் தெரிஞ்சாலே பாதி காசு மிச்சம்!