கவர்னர் மா வீரரா, துரோகியா?

சீன வரலாற்றில் என்னைக் குழப்பிக்கொண்டே இருக்கும் ஓர் ஆசாமி மா ஜான்ஷான். 1885-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். குதிரை மேய்த்தார், கொஞ்ச காலம் கொள்ளைக் கூட்டத்தோடு திரிந்தார், பிறகு ராணுவத்தில் சேர்ந்து படிப்படியாக ஜெனரல் ஆனார்.

1931 செப்டம்பரில் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடிக்க ஆரம்பித்தது. சீன மேலிடமோ எதிர்க்க வேண்டாம் என்றது. பெரிய ஊர்கள் சண்டையில்லாமலே கைமாறின. அக்டோபரில் வடகோடியில் உள்ள ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துக்கு மா தற்காலிக கவர்னரானார்.

அங்கே நென் ஆற்றில் ஒரு ரயில் பாலம். ஜப்பானுக்குச் சாய்ந்த சீனப் படையைத் தடுக்க, மாகாணப் படை அதை உடைத்திருந்தது. அந்த ரயில் பாதை ஜப்பானியக் கடனில் போட்டது. "பாலத்தை நாங்களே சரி செய்கிறோம்" என்று ஜப்பான் படையோடு வந்தது. மா விடவில்லை. நவம்பர் 4-ஆம் தேதி சண்டை மூண்டது. 19-ஆம் தேதி தலைநகர் சிசிகார் விழுந்தது.

தோல்விதான். ஆனாலும் ஒருவராவது திருப்பிச் சுட்டாரே என்று நாடே கொண்டாடியது. ஷாங்காயில் அவர் பெயரில் சிகரெட்கூட வந்தது!

அடுத்து நடந்ததுதான் சிக்கல். 1932 பிப்ரவரியில் மா ஜப்பானியரோடு சமரசமானார். மார்ச்சில் அவர்கள் உருவாக்கிய மஞ்சுகுவோ பொம்மை அரசில் போர் அமைச்சர், கூடவே அதே மாகாணத்தின் கவர்னர்.

ஏப்ரல் தொடக்கத்தில், படைகளைப் பார்வையிடப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவர் திரும்பவே இல்லை. ரஷ்ய எல்லையிலுள்ள ஹெய்ஹேவுக்குப் போய் மறுபடி போர் தொடங்கினார். ஜூலையில் ஒரு சடலத்தின் மேல் அவருடைய பொருட்களைக் கண்டு, மா செத்துவிட்டார் என்று ஜப்பானியர் அறிவித்தார்கள். மனிதர் உயிரோடுதான் இருந்தார் :-) டிசம்பரில் சோவியத் எல்லைக்குள் தப்பி, ஐரோப்பா வழியாக 1933-இல் சீனா திரும்பினார். 1950-இல் பெய்ஜிங்கில் காலமானார்.

எல்லாமே நாடகம், ஆயுதமும் பணமும் சேர்க்கத்தான் அப்படி நடித்தார் என்கிறார்கள் அவரை மெச்சுபவர்கள். இருக்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. ஜெனரலாகத் தோற்றால் படையோடு பின்வாங்கலாம். கவர்னருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய ஜனங்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். அவரை நம்பிப் பிள்ளையைப் படைக்கு அனுப்பிய சிசிகார் தாய், மார்ச் மாதம் அவரை எதிரியின் அமைச்சராகப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பாள்? நாடகம் என்று அவளிடம் யார் சொன்னது?

வீரர் என்றே நானும் சொல்வேன். ஆனால் அந்தச் சில வாரங்களை மறைக்காமல் சொல்வேன்.