கணக்கில் வராத கோல்கள்

சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகிற சாலையில் இருக்கிறது கீரப்பாளையம். விருத்தாசலம் பஸ்ஸில் போன உங்களில் பலர் தூங்கிக்கொண்டே அந்த ஊரைக் கடந்திருப்பீர்கள். டொரன்டோவில் உட்கார்ந்து யோசித்தால், அங்கே நான் விட்டுவந்தவற்றின் பட்டியல் நீளமானது. முதலில் வருவது ஒரு சத்தம்.

பங்குனியில் உளுந்து பிடுங்கி முடித்ததும் வயல் எங்கள் கைக்கு வரும். நெல் தாள் காலில் குத்தும். வெடித்துக் கிடக்கிற களிமண்ணில் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. கருவை மரத்தில் வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டி, அரிவாளால் சீவி, கைபிடிக்கும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் அதுதான் ஹாக்கி மட்டை. அதில் கார்க் பந்து சரியாகப் பட்டால் வறண்ட, சின்னதான ஒரு சத்தம் வரும். அடித்தவனுக்கு அது உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை கேட்கும். இங்கே பனித்தரை அரங்கில் சறுக்கு இரும்பு கீறுகிறது, ரப்பர் வட்டு பலகையில் மோதிக் கூரை வரை அதிர்கிறது. நல்ல சத்தம்தான். என் சத்தம் இல்லை.

அடுத்து ஒரு குரல். பள்ளிக்கூடத்து டிரில் சார் குரல். விளையாட்டுச் சாமான் அறையில் நல்ல மட்டைகள் கொஞ்சமே இருந்தன. அவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்துத்தான் இரண்டு அணியை ஆடவிடுவார். "குனிஞ்சு ஓடுடா, பந்து தரையில இருக்கு, ஆகாசத்துல இல்ல." திட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் ஒருவன் மூன்று பேரை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுபோனால் விசில் ஊத மறந்து நின்றுவிடுவார். சார் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் குரலை யாரும் எதிலும் பிடித்துவைக்கவில்லை. அந்தக் காலத்தில் யாருக்குத் தோன்றும்?

அப்புறம் ஒரு வழக்கம். காலை 7.15 மணிக்கு டெல்லியிலிருந்து ரேடியோவில் வந்த தமிழ்ச் செய்தி. அதன் கடைசியில் விளையாட்டு. அதைக் கேட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடி, பெரியவர்கள் படித்து மடித்துப் போட்ட தினத்தந்தியில் அதே செய்தியை எழுத்தில் பார்த்தால்தான் மனசு ஆறும். ஆட்டம் டிவியில் வந்தால் பஞ்சாயத்து டிவி இருக்கும் இடத்தில் ஊரே கூடிவிடும். கரண்ட் போகும். இருட்டில் அப்படியே உட்கார்ந்திருப்போம். வந்ததும் எல்லோரும் ஒரே குரலில் கேட்பது ஒன்றுதான்: "தன்ராஜ் அடிச்சிட்டாரா?"

தன்ராஜ் பிள்ளை. 1968இல் புனேயை அடுத்த கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். உடைந்த மட்டையும் தூக்கிப்போட்ட பந்தும் வைத்துக்கொண்டு புழுதியில் ஆடிப் பழகியவர் என்று படித்த அன்று, கருவைக் கட்டையோடு நின்ற எங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நீளமான முடி பறக்க அவர் ஓட ஆரம்பித்தால், டிவி முன்னால் குந்தியிருந்தவர்கள் தம்மை அறியாமல் எழுந்து நிற்பார்கள். 1998 பாங்காக்கில் அவர் தலைமையில் தென்கொரியாவை வென்று, 32 வருடத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தங்கம் வந்தது. அடுத்த தொடருக்கான அணியில் அவர் பெயர் இல்லை. தங்கம் வென்ற வேறு சில மூத்தவர்கள் பெயரும் இல்லை. அன்று டீக்கடையில் யாரும் பேசவில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தை வென்றால் அரையிறுதி. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது போலந்து கோல் போட்டுச் சமன் செய்தது. அந்த இரவு இன்னும் எனக்கு விடியவில்லை.

1980 மாஸ்கோவில் நம் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கினோம். ஹாக்கியில் அடுத்த ஒலிம்பிக் பதக்கம் வந்தது 2021 டோக்கியோவில். அந்த 41 வருட வறட்சிக்குள்தான் தன்ராஜின் நான்கு ஒலிம்பிக்கும் அடங்கிப்போயின: பார்சிலோனா, அட்லாண்டா, சிட்னி, ஏதென்ஸ். டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்றபோது இங்கே இரவு. பெரிய திரை, மெத்தை நாற்காலி, ஒரு நொடிகூடத் தடைபடாத படம். அழுதேன். ஆனால் பக்கத்தில் எழுந்து நிற்க யாரும் இல்லை. கரண்ட் போனால் தேவலை என்றுகூட இருந்தது.

இந்த நாட்டுக்காரர்கள் தங்கள் ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளும் விதத்தைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு அடைக்கிறது. டொரன்டோவிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் பிரான்ட்ஃபோர்டு. அங்கே ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியின் அப்பா வீட்டுப் பின்புறத்தில் தண்ணீரை உறையவிட்டு மகனுக்கு ஆடுகளம் போட்டுக் கொடுத்தார். அந்தப் பையன் என்.ஹெச்.எல். என்ற ஐஸ் ஹாக்கி லீகின் போட்டிகளில் 1,487 ஆட்டம் ஆடி 894 கோல் அடித்தான். ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு, நிமிடம் உண்டு, வட்டைத் தள்ளிக் கொடுத்தவர் பெயர் உண்டு. 1999இல் அவர் ஓய்வு பெற்றபின் அவர் அணிந்த 99 என்ற எண்ணை அந்த லீகில் இனி எவரும் அணியக் கூடாது என்று வைத்துவிட்டார்கள்.

தன்ராஜ் 1989 முதல் 2004 வரை இந்தியாவுக்காக 339 ஆட்டம் ஆடினார். லண்டன் இந்தியன் ஜிம்கானா, ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், டாக்கா அபஹானி என்று ஊர் ஊராகப் போய் கிளப்புகளுக்கும் ஆடினார். எத்தனை கோல் அடித்தார்? முறையான கணக்கு இல்லை. 170க்கு மேல் இருக்கும் என்கிறார்கள். இருக்கும் என்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் போனது. 1976 மான்ட்ரியலில்தான் ஒலிம்பிக் ஹாக்கியை முதன்முதலாகச் செயற்கைப் புல்லில் ஆடினார்கள். 1928 முதல் பதக்கமில்லாமல் திரும்பாத இந்தியா அங்கே ஏழாவது இடத்துக்கு இறங்கியது. நான் பிழைக்க வந்த இதே நாட்டில்தான் நம் மண்தரை தோற்றது. செயற்கைப் புல் போட எந்த கிராமத்துப் பள்ளியிடம் பணம் இருக்கிறது? அப்படியும் அரியலூரிலிருந்து ஒரு கார்த்தி செல்வம் இந்திய அணி வரை போயிருக்கிறார். கோவில்பட்டியில் இன்னும் ஹாக்கி உயிரோடு இருக்கிறது. ஆனால் எங்கள் வயலில் பங்குனி வந்தால் இப்போது எல்லாப் பையன்கள் கையிலும் கிரிக்கெட் மட்டைதான் என்று போனில் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஓடிக் காட்ட ஒரு தன்ராஜ் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1996 டிசம்பரில் சென்னையில் சாம்பியன்ஸ் டிராபி நடந்தது. தன்ராஜ் ஆட வந்திருந்தார். சிதம்பரத்தில் ரயில் ஏறினால் எழும்பூர். அங்கிருந்து நடந்தால் ஸ்டேடியம். அது அடைமழைக் காலம், சம்பா வயலில் தண்ணீர் தேங்கி நின்றது. அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவரை நேரில் ஒரு முறைகூடப் பார்க்காமலே கடல் கடந்து வந்துவிட்டேன். உங்களுக்கும் இப்படி ஓர் அடுத்த முறை இருந்திருக்கும்.

எழும்பூரிலோ வேறெங்கோ தன்ராஜ் ஆடியதை நேரில் பார்த்தவர் யாராவது இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். எந்த ஆட்டம், எந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தார், பந்து எப்படி உள்ளே போனது என்று நினைவில் இருக்கிற வரை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பிள்ளைகள் கையில் கொடுத்துவையுங்கள். ஹாக்கி சங்கங்கள் எழுதிவைக்காத கணக்கை இனிமேல் பார்த்தவர்கள்தான் எழுத வேண்டும்.